டொராண்டோ ஹை பார்க்குக்கு நாயோட போறீங்களா? முதல்ல லீஷை மாத்துங்க!

வணக்கம் மக்களே! போன டொராண்டோ வீடியோவுக்குக் கீழ பாதிப் பேர் இதே கேள்விதான்: "இழுத்தா நீளுற லீஷ் போடலாமா?" வேண்டவே வேண்டாம்! அந்தச் சமாசாரத்தைக் கண்டாலே எனக்கு ஆகாதுன்னு உங்களுக்கே தெரியும். டொராண்டோ விதிப்படி பார்க்குல லீஷ் 2 மீட்டரைத் தாண்டக்கூடாது. இது 5 மீட்டர் வரைக்கும் ஓடும். அணிலைப் பாத்து நாய் பாயுது, கயிறு பாதைக்குக் குறுக்க நிக்குது, பின்னாடியே சைக்கிள் வருது. லாக் பட்டனை அமுக்கினா ஓடுற நாய் சடார்னு நிக்கும், மொத்த வேகமும் கழுத்துல விழும். கயிறைக் கையால பிடிச்சீங்க, உள்ளங்கைத் தோல் உரிஞ்சிடும். ஒன்றரை மீட்டர்ல பட்டையான நாடா லீஷ், கூட ஒரு ஹார்னஸ், அதான் கழுத்துக்குப் பதிலா மார்பைச் சுத்திப் போடுற பட்டை. அவ்வளவுதான் வேணும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்றது மண்ணுக்காகவும்தான். 161 ஹெக்டேர் பார்க், அதுல அரிதான கருப்பு ஓக் சவானா, அதாவது ஓக் மரங்கள் அங்கங்க நிக்குற புல்வெளி இருக்கு. அடியில பூரா பழைய இரோகுவாய் ஏரி விட்டுட்டுப் போன மணல். சரிவுல நாய் பாதையை விட்டு இறங்கினா மணல் சரியும், வேர் வெளிய வந்துடும், ஓக் கன்னு மிதிபடும். மூடுற புதர் எரிஞ்சு அந்தக் கன்னுக்கு வெளிச்சம் கிடைக்கணும்னுதான் நகராட்சி வசந்தத்துல கட்டுப்பாட்டோட தீ வைக்குது!

அவுத்து விடுற இடம் கிரெனடியர் உணவகத்துக்கு வடகிழக்கே. நாலு பக்கமும் வேலி இருக்கும்னு நம்பிப் போகாதீங்க. கூப்பிட்டதும் திரும்பி வராத நாய்க்கு அங்கயும் லீஷ்தான்.

ஆங், வழி சொல்லவே இல்லையே! சப்வே இரண்டாம் லைன், ஹை பார்க் ஸ்டேஷன். தெற்கே நடந்து ப்ளூர் தெருவைக் கடந்தா பார்க். ஸ்கார்பரோ மக்கள் கென்னடி ஸ்டேஷன்ல ஏறினா வண்டி மாற வேண்டாம். வார நாள்ல காலை 6.30–10, மாலை 3.30–7 நாயை ஏத்த மாட்டாங்க. சனி, ஞாயிறு போங்க, பார்க்குக்குள்ள காரும் கிடையாது. சகுரா (ஜப்பான் செர்ரி) பூக்குற ஏப்ரல் கடைசி, மே ஆரம்பம் மட்டும் தவிர்த்துடுங்க. 1959-ல டோக்கியோ மக்கள் குடுத்த மரங்களைப் பாக்க வர்ற கூட்டத்துல நாய் மிரண்டு போகும்.

பார்க்கை விட்டுக் கிளம்புறதுக்கு முன்னாடி நாய் மேல உண்ணி இருக்கான்னு பாருங்க: காது மடிப்பு, அக்குள், விரல் இடுக்கு. இருந்தா மெல்லிய முனை இடுக்கியால தோலை ஒட்டிப் பிடிச்சு நேரா மேல இழுக்கணும். திருகாதீங்க, நசுக்காதீங்க, எண்ணெய் தடவாதீங்க. கருங்கால் உண்ணின்னா லைம் நோய் (உண்ணிக் கடியால பரவுற பாக்டீரியா நோய்) வரலாம், நாய் டாக்டர்கிட்ட சொல்லிடுங்க.