"வீட்டில் அடிபட்டது என்று சொல்லிவிடு"

நேயர்களுக்கு வணக்கம். கலிஃபோர்னியாவில் நம்மவர்கள் நடத்தும் சின்னச் சின்ன ஓட்டல்களுக்கும் மளிகைக் கடைகளுக்கும் கணக்கு வழக்கு பார்ப்பது என் தொழில். வொர்க்கர்ஸ் காம்ப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். வேலையில் ஊழியருக்கு அடிபட்டால் மருத்துவச் செலவையும், வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் ஒரு பங்கையும் கொடுக்கிற காப்பீடு அது. இந்தத் தொழிலில் நான் திரும்பத் திரும்பக் கேட்கிற பேச்சு ஒன்று உண்டு: "டாக்டர் கேட்டால் வீட்டில் அடிபட்டது என்று சொல்லிவிடு."

வடை போட்டுக்கொண்டிருப்பவருக்கு முழங்கை வரை எண்ணெய் தெறித்துவிட்டது. முதலாளியே பதறிப்போய் காரில் ஏற்றி, உடனடிச் சிகிச்சை தரும் அர்ஜென்ட் கேர் மையத்துக்குக் கூட்டிப் போகிறார், போகிற வழியில் இதையும் சொல்லிவிடுகிறார். அங்கே நீட்டுகிற படிவத்தில், இது வேலையில் ஏற்பட்ட காயமா என்று ஒரு கேள்வி இருக்கும். ஆம் என்றால் முதலாளிக்குச் சிக்கல், இல்லை என்றால் அந்தப் பொய் இவர் கையெழுத்தில் நிற்கும், கை எரிய எரிய உட்கார்ந்து அந்த மனிதர் இதை யோசிக்க வேண்டியிருக்கிறது. எனக்கு இது பொறுக்கவே இல்லை. அந்த முதலாளி கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. இந்தக் காப்பீட்டுப் பாலிசியை அவர் எடுக்கவில்லை, அந்தப் பயம்தான் அப்படிப் பேச வைக்கிறது.

ஏன் எடுக்கவில்லை? "நம்முடையது சின்னக் கடைதானே, இரண்டு பேர்தான்" என்பார்கள். கலிஃபோர்னியாவில் ஒரே ஒருவர், அதுவும் பகுதி நேரமாக வேலை செய்தாலும் காப்பீடு கட்டாயம். சம்பளம் வாங்கினால் மச்சினனும் ஊழியர்தான். கான்ட்ராக்டர்களுக்குக் கொடுக்கிற 1099 என்கிற வரிப் படிவத்தைக் கொடுத்துவிட்டேன், அவர் கான்ட்ராக்டர் என்பதும் எடுபடாது, உங்கள் சமையலறையில் நீங்கள் சொல்கிற நேரத்துக்கு வந்து நீங்கள் சொல்கிற வேலையைச் செய்பவர் சட்டத்தின் பார்வையில் ஊழியர். டல்லஸில் கடை வைத்திருக்கும் நண்பர் "எனக்கு இதெல்லாம் இல்லையே" என்று சொல்லியிருப்பார். அவர் சொல்வது அங்கே சரி, டெக்சாஸில் தனியார் முதலாளி வேண்டாம் என்று விலகிக்கொள்ளலாம். ஓஹையோ, வாஷிங்டன் மாநிலங்களில் தனியார் காப்பீட்டு நிறுவனத்திடம் போகவே முடியாது, மாநில அரசிடம்தான் வாங்க வேண்டும். மாநிலத்துக்கு மாநிலம் வேறு, அதனால் அடுத்த ஊர் நண்பரின் யோசனையைக் கேட்டு நடக்காதீர்கள்.

கலிஃபோர்னியாவில் பாலிசி இல்லாமல் பிடிபட்டால், வேலையை நிறுத்தச் சொல்லி உத்தரவு வரும், காப்பீடு எடுக்கிற வரை ஊழியர்களை வைத்துக் கடை நடத்த முடியாது, அந்த நாட்களுக்கும் பத்து நாள் வரை அவர்களுக்குச் சம்பளம் கொடுத்தாக வேண்டும். அபராதம், கட்டியிருக்க வேண்டிய பிரீமியத்தைப் போல இரண்டு மடங்கு, அல்லது ஆளுக்கு 1,500 டாலர், எது அதிகமோ அது. இது குற்ற வழக்கும்கூட, ஓராண்டு வரை சிறை, குறைந்தது 10,000 டாலர் அபராதம், அல்லது இரண்டும். இதையெல்லாம் விடப் பெரியது ஒன்று இருக்கிறது. பாலிசி இருந்தால், அடிபட்டவர் பொதுவாக உங்கள் மேல் தனியாக நஷ்டஈட்டு வழக்குப் போட முடியாது, காப்பீட்டோடு முடிந்துவிடும். பாலிசி இல்லை என்றால் அந்தக் கவசம் போய்விடுகிறது. அவர் உங்கள்மேல் வழக்குப் போடலாம், அதில் தவறு உங்களுடையது என்றே நீதிமன்றம் எடுத்துக்கொண்டு தொடங்கும், இல்லை என்று நிரூபிக்கிற பாரம் உங்கள் தலையில்.

சரி, பாலிசி இருக்கிறது, அடிபட்டுவிட்டது, என்ன செய்வது? விஷயம் தெரிந்த ஒரு வேலை நாளுக்குள் டி.டபிள்யூ.சி. 1 என்கிற, காப்பீடு கோரும் படிவத்தை அடிபட்டவர் கையில் கொடுங்கள். அவர் நிரப்பித் தந்ததும், காப்பீட்டு நிறுவனம் ஏற்பதா மறுப்பதா என்று முடிவு செய்கிற வரைக்கும், 10,000 டாலர் வரை சிகிச்சைக்கு வழி இருக்கிறது. 90 நாளில் மறுக்கவில்லை என்றால் பொறுப்பு அவர்களுடையது என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். வேலைக்குப் போக முடியாத காலத்துக்கு, ஓர் உச்சவரம்புக்குள், சம்பளத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வரும்.

பிரீமியம் நீங்கள் கொடுக்கிற சம்பளத்தில் ஒவ்வொரு 100 டாலருக்கும் இவ்வளவு என்று, வேலையின் ஆபத்தைப் பொறுத்து மாறும். அதில் ஒரு சென்ட்கூட ஊழியர் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. ஆண்டு முடிவில் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து தணிக்கைக்கு வருவார்கள், கையில் ரொக்கமாகக் கொடுத்ததை மறைத்து வைத்திருந்தால் அங்கேதான் வெளிவரும். தனியார் நிறுவனங்கள் எதுவும் பாலிசி தரவில்லை என்றால் மாநிலத்தின் ஸ்டேட் ஃபண்ட் என்கிற காப்பீட்டு அமைப்பு இருக்கிறது, அங்கே கேளுங்கள்.

வேலை பார்ப்பவர்களும் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். அடிபட்டால் 30 நாளுக்குள் முதலாளிக்கு எழுத்தில் தெரிவியுங்கள், டாக்டரிடம் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். விசா, பேப்பர் சரியில்லை என்பதற்காகச் சிகிச்சை மறுக்கப்படாது. முதலாளிக்குக் காப்பீடே இல்லை என்றாலும், அப்படிப்பட்டவர்களுக்கென்று மாநிலத்தில் ஒரு நிதி இருக்கிறது, அதற்கு விண்ணப்பிக்கலாம். எப்படி என்று தெரியாவிட்டால், மாநிலத்தின் வொர்க்கர்ஸ் காம்ப் பிரிவில் தகவல் உதவி அதிகாரிகள் இருக்கிறார்கள், அவர்களிடம் போங்கள், கட்டணம் எதுவும் கிடையாது.

நன்றி, வணக்கம்.