மாத்திரையை நினைவூட்டினால் ரத்த அழுத்தம் குறையுமா?

[திரையில்: கைபேசி ஒலிக்கிறது. ஒரு கை மாத்திரையை எடுக்கிறது.]

காலை எட்டு மணி. 'மாத்திரை நேரம்' என்று கைபேசி அழைக்கிறது. விழுங்கிவிட்டு, செயலியில் 'போட்டாயிற்று' என்பதைத் தொடுகிறோம். தினமும் இப்படியே செய்தால் ரத்த அழுத்தம் கட்டுக்குள் வந்துவிடுமா?

அமெரிக்காவில் இதையே சோதித்தார்கள். 2018இல் முடிவு வெளியானது. அழுத்தம் கட்டுக்குள் வராத 411 பேரில் ஒரு பிரிவினருக்கு நினைவூட்டும் செயலி தரப்பட்டது. பன்னிரண்டு வாரத்தில், மருந்தை முன்பைவிடச் சற்று ஒழுங்காகப் போடுவதாக அவர்கள் சொன்னார்கள். ஆனால் அழுத்தம் குறைந்தது என்னவோ இரு பிரிவிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான்.

[திரையில்: இரண்டு பட்டைகள். ஒன்று 57, மற்றொன்று 30.]

இப்போது அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் நடந்து 2013இல் வெளியான ஆய்வைப் பாருங்கள். 450 பேர். சிலர் வீட்டில் அளந்த அளவுகள் நேராக ஒரு மருந்தாளுநருக்குப் போய்ச் சேர்ந்தன. அவர் தொலைபேசியில் பேசினார், தேவைப்பட்டபோது மருந்தை மாற்றினார். ஆறாம் மாதமும் பன்னிரண்டாம் மாதமும் கட்டுக்குள் இருந்தவர்கள் இந்தப் பிரிவில் 57 சதவீதம். வழக்கமான சிகிச்சையில் 30 சதவீதம்.

இரண்டிலும் கருவி இருந்தது. இரண்டாவதில், கருவி காட்டிய எண்ணைப் பார்த்து முடிவெடுக்க ஓர் ஆளும் இருந்தார்.

மறதி பாதிச் சிக்கல்தான். போதாத மருந்தை ஒரு வேளைகூடத் தவறாமல் போட்டாலும் அது போதாத மருந்துதான். மருத்துவர் எப்போதோ ஒருமுறை பார்க்கும்போது மேல் எண் 150 என்று காட்டுகிறது. 'வந்த பதற்றமாக இருக்கும், அடுத்த முறை பார்ப்போம்' என்று மருந்து அப்படியே தொடர்கிறது. மாதங்கள் ஓடிவிடுகின்றன. ஒரு வாரம் வீட்டில் அளந்த அளவுகள் கையில் இருந்தால் இந்தச் சந்தேகத்துக்கு இடமே இல்லை.

[திரையில்: நாற்காலியில் ஒருவர். கை மேசைமேல், கையில் கட்டிய பட்டை இதய உயரத்தில்.]

அளப்பதை அவசரமில்லாமல் செய்யுங்கள். ஐந்து நிமிடம் அமைதியாக உட்காருங்கள். முதுகு சாய்ந்திருக்கட்டும், பாதங்கள் தரையில் பதியட்டும், பேச்சு வேண்டாம். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை. காலையில் மாத்திரைக்கு முன்பு, பிறகு மாலையில். வீட்டுச் சராசரி 135/85ஐத் தொட்டால், அது மருத்துவமனையின் 140/90க்குச் சமம். வீட்டில் மேல் எண் 138தானே, 140ஐத் தொடவில்லையே என்று நிம்மதி அடைந்துவிடாதீர்கள்.

என்னைக் கேட்டால், செயலியைத் தேடும் முன் மேற்கையில் கட்டும், துல்லியம் சோதிக்கப்பட்ட கருவியை வாங்குங்கள். பட்டை உங்கள் கைப் பருமனுக்குப் பொருந்த வேண்டும். இறுக்கமான பட்டை அளவைக் கூட்டிக் காட்டும். பட்டையே இல்லாத கைக்கடிகாரங்களை நம்பி மருந்தை மாற்றும் நிலை இன்னும் வரவில்லை. அளவைத் தானே கைபேசிக்கு அனுப்பும் கருவி என்றால் இன்னும் நல்லது. கையால் எழுதும்போது, பிடிக்காத எண்களை விட்டுவிடத் தோன்றும்.

செயலியில் எண்களை மட்டும் நிரப்பாதீர்கள். அம்லோடிபின் என்ற ரத்த அழுத்த மருந்தைத் தொடங்கியபின் கணுக்கால் வீங்கியதா? எனலாப்ரில் போன்ற மருந்தால் வறட்டு இருமல் விடவில்லையா? இதனால்தான் பலர் யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். அந்தக் குறிப்பு மருத்துவர் கண்ணில் பட்டால் வேறு மருந்து தரலாம். மூட்டுவலிக்கு ஐபுபுரூஃபன் போட்டிருந்தால் அதையும் பதியுங்கள். அது அழுத்தத்தை ஏற்றக்கூடியது.

அடுத்த முறை போகும்போது இதைக் கேளுங்கள்: 'நான் அனுப்பும் அளவுகளை யார் பார்ப்பார்கள்? எத்தனை நாளில் பதில் வரும்?' தெளிவான பதில் இல்லையென்றால், ஒரு வாரச் சராசரியை நீங்களே எடுத்துப் போய்க் காட்டுங்கள். நீங்களாக மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

[திரையில்: 180/120]

180/120க்கு மேல் காட்டி, கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், கை கால் பலவீனம், பார்வை மங்கல் இவற்றில் ஒன்று இருந்தாலும் செயலியில் பதிந்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். அந்த நேரத்தில் மறுமுனையில் யாரும் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள்.