பெரியம்மாவை அழவைத்தது யார்? அமெரிக்க மதிய சீரியல்களின் ஹெட் ரைட்டர்கள்

வணக்கம் மக்களே. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பக்கத்து வீட்டில் மாடி எடுக்கிறார்கள். நடுநடுவே டைல்ஸ் அறுக்கிற சத்தம் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் என் பெரியம்மா வந்திருந்தார். 90-களின் தொடக்கத்தில் நியூ ஜெர்சிக்குக் குடிபோனவர். பெரியப்பா காலையில் வேலைக்குக் கிளம்பிவிட்டால் சாயங்காலம்தான் வருவார். அக்கம்பக்கத்தில் பேச்சுத்துணைக்கு ஆள் கிடையாது. மதியம் மூன்று மணிக்கு டிவியில் 'ஜெனரல் ஹாஸ்பிடல்' வரும். "நான் இங்கிலீஷ் பேசக் கத்துக்கிட்டதே அந்த ஆஸ்பத்திரியிலதான்டா" என்பார். அன்றைக்குச் சாப்பாடு முடிந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். 1994-இல் பார்த்த ஒரு காட்சியைச் சொல்ல ஆரம்பித்தவர், பாதியில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முப்பது வருஷத்துக்கு முன்னால் பார்த்த சீரியலுக்கு இப்போது அழுகிறார்!

"அதை எழுதினது யாரு பெரியம்மா?" என்று கேட்டேன். "யாருக்குத் தெரியும், சோப்புக் கம்பெனிக்காரன் யாரையாவது வெச்சு எழுதியிருப்பான்" என்றார். (அமெரிக்காவில் இந்த மதிய சீரியல்களுக்கு ஆரம்பத்தில் பணம் போட்டவை சோப்புக் கம்பெனிகள்.) இதை எழுதுகிற ஹெட் ரைட்டர், அதாவது தலைமை எழுத்தாளர், யார் என்று தேடியதில் வந்ததுதான் இந்த வீடியோ.

அந்தக் காட்சியைச் சொல்லிவிடுகிறேன். பிஜே என்று ஒரு சின்னப் பெண். அப்பா டோனி, டாக்டர். அம்மா பாபி, நர்ஸ். டோனியின் தம்பிக்கு மேக்ஸி என்று ஒரு மகள். மேக்ஸிக்கு இதயக் கோளாறு, மாற்று இதயம் கிடைத்தால்தான் பிழைப்பாள். குடும்பமே அவளுக்காகக் காத்துக்கொண்டிருக்கும்போது பிஜே போன பள்ளிப் பேருந்து விபத்தில் சிக்குகிறது. பிஜேவுக்கு மூளைச்சாவு. அவள் இதயம் மேக்ஸிக்குப் போகிறது. அறுவைசிகிச்சை முடிந்து மேக்ஸி படுத்திருக்கிறாள். டோனி உள்ளே வருகிறார். குனிந்து, தம்பி மகளின் மார்பில் காதை வைக்கிறார். உள்ளே துடிப்பது தன் மகளுடைய இதயம். காட்சி அவ்வளவுதான்.

எழுதியவர் கிளேர் லபீன். 1993-இல் அந்தத் தொடருக்குத் தலைமை எழுத்தாளராக வந்தவர். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. பிஜேயை உருவாக்கியது அவர் இல்லை. மேக்ஸியும் அவர் கொண்டுவந்தவள் இல்லை. டோனி, பாபி எல்லோரும் அவர் வருவதற்கு முன்பே அந்த ஊரில் குடியிருந்தவர்கள். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த வீட்டுக்குள் நுழைந்து, யார் யாருக்கு என்ன உறவு, பார்ப்பவர்களுக்கு யார் மேல் எவ்வளவு பாசம் என்று அளந்து பார்த்திருக்கிறார். அப்புறம்தான் கை வைத்திருக்கிறார். இதே கதையைப் போன வாரம் அறிமுகமான இரண்டு குழந்தைகளை வைத்து எழுதியிருந்தால் பெரியம்மா அழுதிருக்க மாட்டார். "ஐயோ பாவம்" என்று சொல்லிவிட்டுக் குழம்பைக் கிளறப் போயிருப்பார்.

சரி, இந்த ஹெட் ரைட்டர் என்பவர் தினமும் என்ன செய்கிறார்? வசனம் எல்லாம் அவரே எழுதுவதில்லை. வாரத்துக்கு ஐந்து எபிசோடு, வருஷத்துக்குச் சுமார் 250. ஒரு ஆளால் முடியுமா? முதலில் ஆறு மாதம், ஒரு வருஷம் வரைக்குமான நெடுங்கதையை அவர் எழுதுவார். அதற்கு 'பைபிள்' என்று பெயர். யாருக்கு யார் மேல் காதல், எந்த ரகசியம் எப்போது உடையும், யார் செத்துப்போவார், செத்தவர் எப்போது திரும்புவார், எல்லாம் அதில் இருக்கும். அதை வாரம் வாரமாகப் பிரிப்பார். 'பிரேக்டவுன்' எழுத்தாளர்கள் அதை நாள் நாளாக, காட்சி காட்சியாகப் பிரிப்பார்கள். வசன எழுத்தாளர்கள் ஆளுக்கு ஒரு எபிசோடு என்று எழுதுவார்கள். கடைசியில் எல்லாமே ஒரே ஆள் எழுதினமாதிரி இருக்கும்படி பார்த்துக்கொள்வது மறுபடியும் தலைவர் பொறுப்பு.

ஒரு உதாரணம், நானே இட்டுக்கட்டியது. திங்கட்கிழமை ஒரு கடிதம் வந்து மேசையில் கிடக்கிறது. செவ்வாய் அதன்மேல் யாரோ செய்தித்தாளை வைத்துவிடுகிறார்கள். புதன் அந்தக் கடிதம் பக்கமே போகாமல் வேறு இரண்டு குடும்பங்களின் கதை. வியாழன், கடிதம் எழுதியவர் போன் செய்து "கிடைத்ததா?" என்கிறார். வெள்ளிக்கிழமை உறையைப் பிரிக்கிற கை, அப்புறம் முகம், கட். சனி, ஞாயிறு உங்களுக்குத் தூக்கம் வராது. அந்தப் புதன்கிழமை இருக்கிறதே, கடிதத்தைத் தொடாமல் விட்ட நாள், ஹெட் ரைட்டரின் கைவரிசை அங்கேதான். எந்த நாளில் எதைச் சொல்லாமல் விடலாம் என்பது தெரிய வேண்டும்.

மேலே இருந்து வரும் தொல்லைகள் வேறு. நடிகர்களின் ஒப்பந்தத்தில் 13 வாரச் சுற்று என்று ஒன்று உண்டு, ஒரு சுற்று முடியும்போது ஒருவரை அனுப்பிவிட்டால் அவர் கதையை மூட்டைகட்ட வேண்டும். நவம்பர், பிப்ரவரி, மே மாதங்களில் ரேட்டிங் கணக்கெடுப்பு. கல்யாணம், கொலை, தீ விபத்து எல்லாம் ஏன் அந்த மாதங்களில் வந்து விழுகின்றன என்று இப்போது புரிந்திருக்கும். (இதோ, டைல்ஸ்காரர் ஆரம்பித்துவிட்டார். கொஞ்சம் சத்தமாகப் பேசுகிறேன்.)

இந்த வேலையையே உண்டாக்கியவர் என்று ஒருவரைச் சொல்வதானால் இர்னா பிலிப்ஸ். பள்ளி ஆசிரியையாக இருந்தவர். 1930-இல் சிகாகோ வானொலியில் 'பெயின்டட் ட்ரீம்ஸ்' என்ற தொடரைத் தொடங்கினார். 1937-இல் 'கைடிங் லைட்'. அது 1952-இல் டிவிக்கு வந்து 2009 வரைக்கும் ஓடியது, மொத்தம் 72 வருஷம். 1956-இல் 'ஆஸ் தி வேர்ல்ட் டர்ன்ஸ்'. அதுவரை பகல் தொடர்கள் பெரும்பாலும் 15 நிமிடம்தான், அரை மணி நேரத் தொடர் என்பதை அவர்தான் பிடிவாதமாகக் கொண்டுவந்தார். பேனா பிடித்து எழுத மாட்டாராம். நடந்துகொண்டே ஒவ்வொரு பாத்திரத்தின் குரலிலும் நடித்துச் சொல்வார், உதவியாளர் தட்டச்சு செய்வார்.

அவரிடம் வேலை கற்றவர் ஆக்னஸ் நிக்சன். இவர் வேலைக்குச் சேர்ந்த கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆக்னஸின் அப்பாவுக்குச் சிகாகோவில் சவத்துக்கு உடுத்தும் துணி தயாரிக்கும் தொழில். மகளும் அதில் வந்து உட்கார வேண்டும் என்பது அவர் ஆசை. மகளுக்கோ எழுத ஆசை. "சரி, அந்த இர்னா பிலிப்ஸையே போய்ப் பார், இதெல்லாம் உனக்கு வேண்டாம் என்று அவரே சொல்லி அனுப்புவார்" என்று அப்பா ஏற்பாடு செய்தார். இர்னா அந்தப் பெண் எழுதிக் கொடுத்திருந்ததை வாங்கி, அவள் எதிரிலேயே சத்தமாக நடித்துப் படித்தாராம். நினைத்துப் பாருங்கள், வயிறு எப்படிக் கலக்கியிருக்கும்! படித்து முடித்து மூடி வைத்துவிட்டு, "என்னிடம் வேலை செய்ய உனக்குச் சம்மதமா?" என்றார். அப்பா போட்ட கணக்கு தப்பிவிட்டது.

இந்த ஆக்னஸ் 1962-இல் 'கைடிங் லைட்'டில் ஒரு காரியம் செய்தார். அவருடைய தோழி ஒருவர் புற்றுநோயால் இறந்திருந்தார். பாப் ஸ்மியர் என்ற பரிசோதனையை முன்கூட்டியே செய்துகொண்டிருந்தால் பிழைத்திருக்கலாம். இதைக் கதையில் சொல்ல வேண்டும் என்று கேட்டார். விளம்பரதாரர் ப்ராக்டர் அண்ட் கேம்பிள், சேனல் சிபிஎஸ். இரண்டு பேரும் ஒத்துக்கொண்டார்கள், ஆனால் ஒரு நிபந்தனை. 'புற்றுநோய்' என்ற சொல் வரக்கூடாது. 'கருப்பை' வரக்கூடாது. கருப்பையை எடுக்கும் அறுவைசிகிச்சையின் பெயரும் வரக்கூடாது. மூன்றையும் சொல்லாமல் கருப்பைப் புற்றுநோயைப் பற்றிக் கதை எழுது பார்ப்போம்!

எழுதினார். யாருக்கு நோய் வந்ததாக எழுதினார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பெர்ட் பவர். சரிட்டா பவர் என்ற நடிகை வானொலிக் காலத்திலிருந்தே நடித்துவந்த பாத்திரம். பார்ப்பவர்கள் வருஷக்கணக்கில் பெர்ட்டின் வீட்டில் காபி குடித்தவர்கள் மாதிரி. பெர்ட் டாக்டரிடம் போனால் நாமும் போக வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியது. பெண்களிடமிருந்து கடிதங்கள் குவிந்தன. சொல் எதுவும் தேவைப்படவில்லை, பெர்ட்டை அவர்களுக்குத் தெரியும், அது போதுமானதாக இருந்தது. பின்னால் 80-களில் சரிட்டா பவருக்கு நிஜமாகவே ஒரு காலை எடுக்க வேண்டி வந்தது. அதையும் பெர்ட்டின் கதையில் சேர்த்துக்கொண்டார்கள். அப்போது எழுதியவர் வேறொருவர்.

இதே ஆக்னஸ் 1970-இல் 'ஆல் மை சில்ட்ரன்' தொடங்கினார். அதில் எரிகா கேன், சூசன் லூச்சி நடித்தது. 1973-இல் கருக்கலைப்பைச் சட்டம் அனுமதித்த சில மாதங்களில் எரிகா கருவைக் கலைக்கிறாள். மாடலிங் வேலைக்குப் போக வேண்டும், குழந்தை இப்போது வேண்டாம், அவ்வளவுதான் காரணம். அன்றைய டிவிக்கு அது பெரிய துணிச்சல். அதன்பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் எரிகாவின் குணத்தில் அந்த முடிவு ஒட்டிக்கொண்டிருந்தது. 2005 வாக்கில் வேறு எழுத்தாளர் கையில் தொடர் இருக்கிறது. ஜாஷ் என்று ஒரு வாலிபன் வருகிறான். அவன் யாரென்று பார்த்தால், 1973-இல் எரிகா கலைத்ததாக நினைத்த அதே கரு! டாக்டர் திருட்டுத்தனமாக எடுத்துத் தன் மனைவியின் வயிற்றில் வைத்துவிட்டாராம். ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். எனக்கும் எரிச்சல்தான். செத்தவர் திரும்பி வருவதை சீரியல் பார்க்கிறவர்கள் சகித்துக்கொள்வார்கள், அது ஒரு விளையாட்டு. ஒரு பெண் எடுத்த முடிவை அவளுக்கே தெரியாமல் முப்பது வருஷம் கழித்து அழிப்பது வேறு. அதை நம்பி இத்தனை வருஷம் கூடவே வந்தவர்களையும் சேர்த்து ஏமாற்றியதாகிவிடுகிறது.

அதற்காக, பழையதைத் தொடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஜேம்ஸ் ரைலி என்று ஒருவர் 90-களில் 'டேஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்' எழுதினார். மார்லினா என்ற மரியாதையான மனநல மருத்துவருக்குப் பிசாசு பிடிக்கவைத்தார்! கட்டிலுக்கு மேலே அந்தரத்தில் மிதப்பார். கூத்துதான். ஆனால் ஊரே பார்த்தது. நானும் பழைய துண்டுகளைத் தேடிப் பார்த்தேன், சிரித்துக்கொண்டே பார்த்தேன். மார்லினாவைப் பல வருஷமாகத் தெரிந்தவர்களுக்குத்தான் அந்தக் கண் மாறுவது பயமாக இருந்திருக்கும். எனக்குச் சிரிப்பு வந்ததன் காரணமும் அதுதான், எனக்கு அவரைத் தெரியாது.

இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் இன்றைக்கும் சொல்லும் பெயர் டக்ளஸ் மார்லண்ட். 1985-இலிருந்து 1993-இல் இறக்கும்வரை 'ஆஸ் தி வேர்ல்ட் டர்ன்ஸ்' எழுதியவர். ஒரு தொடரைக் கெடுக்காமல் இருப்பது எப்படி என்று கொஞ்சம் விதிகள் சொல்லிவைத்தார். பொறுப்பு எடுத்ததும் முதலில் தொடரைப் பார். அதன் பழைய கதையைப் படி. ரசிகர் கடிதங்களைப் படி. ஆறு மாதத்துக்கு யாரையும் வேலையைவிட்டு எடுக்காதே. முக்கியப் பாத்திரத்தின் அடிப்படைக் குணத்தை மாற்றாதே. புதிய ஆட்களை மெதுவாகக் கொண்டுவா. அவரே அப்படித்தான் செய்தார். ஸ்னைடர் என்ற பண்ணைக் குடும்பத்தைத் தன் சின்ன வயசு வாழ்க்கையின் சாயலில், ஒவ்வொரு ஆளாக உள்ளே விட்டார்.

கேட்க ரொம்பச் சாதாரணமாக இருக்கிறது, இல்லையா? இந்தத் தொழிலைத் தொடங்கிவைத்த இர்னாவே இதில் சறுக்கியிருக்கிறார். 70-களின் தொடக்கத்தில் அதே தொடருக்குத் திரும்பிவந்தவர், கிம் என்ற பெண்ணை நுழைத்தார். கிம்முக்கும் அவள் அக்கா கணவர் பாபுக்கும் ஒரு நாள் உறவு, கிம் கர்ப்பம். அக்கா கணவர் யார்? பல வருஷமாக எல்லோருக்கும் பிடித்த நல்ல டாக்டர். புதிதாக வந்தவளுக்காக அவரைக் கெடுப்பதா என்று பார்த்தவர்களுக்கு ஆத்திரம். இர்னாவை வேலையைவிட்டு அனுப்பினார்கள். அந்த 1973 டிசம்பரிலேயே இறந்தும்போனார்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. கிம் போகவில்லை. பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டார்கள். 1985-இல் பாபும் கிம்மும் கல்யாணம் செய்துகொண்டார்கள், 2010-இல் தொடர் நிற்கும்வரை அந்த ஊரின் மூத்த ஜோடி அவர்கள்தான். 1956-இல் முதல் எபிசோடின் முதல் வசனம், பாபின் அம்மா நான்சி சொல்வது, "குட் மார்னிங், டியர்". 2010 செப்டம்பரில் கடைசி எபிசோடு. பாப் ஓய்வு பெறுகிறார், தன் அறையைவிட்டுக் கிளம்பும்போது "குட் நைட்" என்கிறார். அதுதான் தொடரின் கடைசிச் சொல். அதை எழுதியவர்கள் யாரும் 1956-இல் அந்தத் தொடரின் எழுத்தாளர்களோடு உட்கார்ந்திருக்க மாட்டார்கள். பழைய முதல் வசனத்தைத் தேடிப்போய்ப் பார்த்திருக்கிறார்கள்.

2025 பிப்ரவரியில் சிபிஎஸ்ஸில் 'பியாண்ட் தி கேட்ஸ்' என்று புதிதாக ஒன்று தொடங்கியிருக்கிறது. உருவாக்கியவர் மிஷேல் வால் ஜீன், 'ஜெனரல் ஹாஸ்பிடல்' எழுத்தாளர் குழுவில் பல வருஷம் இருந்தவர். பெரியம்மாவிடம் சொன்னேன். "புதுசா? யாரையும் தெரியாதே, ஒரு ரெண்டு வருஷம் போகட்டும்" என்றார்.

ஆனால் 'ஜெனரல் ஹாஸ்பிடல்' இன்றும் ஓடுகிறது. மேக்ஸி இன்னும் அதில் இருக்கிறாள், பிள்ளைகள் பெற்றுவிட்டாள். முப்பது வருஷத்தில் எத்தனையோ ஹெட் ரைட்டர்கள் வந்து போய்விட்டார்கள். புதிதாக வருகிற ஒவ்வொருவரும், மேக்ஸிக்கு ஒரு காட்சி எழுத உட்காரும்போது, அவள் நெஞ்சில் துடிப்பது யாருடையது என்று யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொண்டுதான் எழுத வேண்டியிருக்கிறது. கேட்காமல் எழுதினால் நியூ ஜெர்சியில் ஒரு பெரியம்மாவுக்குத் தெரிந்துவிடும்.