கண் சிமிட்டும் பானை

நேயர்களுக்கு வணக்கம். படிப்புக்காகப் போலந்து போய், கிராக்கோவ் நகரில் ஒரு பாட்டி வீட்டு மாடியில் இரண்டு ஆண்டு குடியிருந்தவன் நான். பாட்டியை அங்கே 'பாப்ச்சா' என்பார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் வீட்டுச் சூப்புகளைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

சூப் என்றதும் ஓட்டலில் சின்னக் கிண்ணத்தில் வருமே, அதை நினைத்துவிடாதீர்கள். போலந்து வீடுகளில் மதியச் சாப்பாட்டில் பாதி அதுதான். ஞாயிற்றுக்கிழமை என்றால் 'ரோசூல்'. கோழியை எலும்போடு போட்டு, மூன்று நான்கு மணி நேரம் சிறு தீயில் வைத்து இறக்கும் தெளிந்த சாறு. கூடவே கேரட், வெங்காயத்தாள் போன்ற லீக், செலரிக் கிழங்கு, பார்ஸ்லி வேர். சந்தையில் இவற்றை ஒரே கட்டாகவே விற்பார்கள். அந்தக் கட்டின் பெயருக்கு 'இத்தாலிச் சரக்கு' என்று பொருள். 1518இல் இத்தாலியிலிருந்து மருமகளாக வந்த போனா ஸ்ஃபோர்சா ராணி கொண்டுவந்தது என்று பாப்ச்சா அடித்துச் சொல்வார். வரலாறு படித்தவர்கள் அவ்வளவு உறுதியாகச் சொல்வதில்லை. அவர்கள் பாப்ச்சாவிடம் பேசிப் பார்த்ததில்லை.

வெங்காயத்தைப் பாதியாக வெட்டி, நேரே தீயில் காட்டிக் கருக்கிப் போடுவார். சாற்றின் பொன்னிறம் அதில்தான். பானை கொதிக்கக் கூடாது, 'கண் சிமிட்ட வேண்டும்' என்பது அங்கே வழக்கு. ஒரு குமிழ் எழுந்து உடையும். சற்றுப் பொறுத்து இன்னொன்று. தளதளவென்று கொதித்தால் சாறு கலங்கிவிடும். திங்களன்று மீந்த ரோசூலே தக்காளி சூப்பாக மாறிவிடும். அதில் சோறு போடுவதா, நூடுல்ஸ் போடுவதா என்று பாப்ச்சாவின் மகள்கள் இருவரும் ஐம்பது வயதிலும் சண்டை போடுவார்கள். நான் எந்தக் கட்சி என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் போலந்துச் சூப்பின் உயிர் புளிப்பு. அதைக் கடையில் வாங்காமல் வீட்டிலேயே காத்திருந்து எடுப்பார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவு குடிக்கும் 'பார்ஷ்ச்' பீட்ரூட்டைப் புளிக்க வைத்த நீர். அந்தப் பெயரே முதலில் ஒரு காட்டுச் செடியுடையது. பீட்ரூட் வருமுன் அதைத்தான் புளிக்க வைத்தார்களாம்.

ஈஸ்டருக்கு 'ஜூரெக்'. ரை தானிய மாவைத் தண்ணீரில் கரைத்து, பூண்டும் பிரிஞ்சி இலையும் போட்டு, ஜாடி வாயைத் துணியால் கட்டி ஐந்து நாள் வைப்பார்கள். முதல் தடவை மோந்து பார்த்தபோது, எங்கள் வீட்டு நீராகாரத்தின் வாடை. அந்தக் காலத்தில் நாற்பது நாள் நோன்பு முழுக்க இறைச்சி இல்லாத வெறும் ஜூரெக்கைக் குடித்துச் சலித்துப்போய், பெரிய வெள்ளியன்று பானையைக் குழி தோண்டிப் புதைக்கும் வேடிக்கைகூடக் கிராமங்களில் உண்டு. இரண்டே நாளில், ஈஸ்டர் காலையில், அதே புளிப்பு வெள்ளைச் சாசேஜும் அவித்த முட்டையும் மார்ஜோரம் என்ற வாசனை இலையும் சேர்ந்து திரும்பி வந்துவிடும்.

ஒரு ஈஸ்டர் வாரம், பாப்ச்சா மூத்த மகள் வீட்டுக்குக் கிளம்பினார். தினமும் ஒரு கிளறு கிளறிவிடு என்று ஜாடியை என்னிடம் ஒப்படைத்தார். எனக்குத் தேர்வு, மூன்று நாள் மறந்தே போனேன். பாப்ச்சா திரும்பி வந்து துணியை அவிழ்த்தால் மேலே பச்சைப் பூஞ்சை. ஊறுகாயில் செய்வதுபோல மேலாக எடுத்துவிடலாமே என்றேன். ஒன்றும் பேசாமல் முழுவதையும் தொட்டியில் கொட்டினார். பாட்டில் ஜூரெக் கடையில் கிடைக்கும். அந்தப் பேச்சையே நான் எடுக்கவில்லை.

காலி ஜாடியோடு பக்கத்து வீட்டுக்கு என்னைத்தான் அனுப்பினார். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே பாதி ஜாடி ஊற்றிக் கொடுத்தார்.

ஞாயிறு காலை முதல் கரண்டியை வாயில் வைத்த பாப்ச்சா, "பூண்டு போதாது" என்றார். பிறகு இரண்டு கிண்ணம் சாப்பிட்டார். நான் ஜாடியைக் கழுவப் போனேன். சட்டென்று கையைப் பிடித்துக்கொண்டார். அடியில் இரண்டு கரண்டி இருக்கட்டும், அடுத்த ஜாடிக்கு அதுதான் உறை என்றார். பக்கத்து வீட்டு உறை.