ஆடின காலும் பாடின வாயும்

(நாடக மன்ற ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் நகர்மன்றத் தலைவர் அம்மா அவர்களே, மாவட்ட நிர்வாகத்தின் சார்பில் வந்து கடைசிவரை இருப்பதாக வாக்களித்திருக்கும் வட்டாட்சியர் ஐயா அவர்களே, மண்டபத்தை வாடகையின்றித் தந்த பெரியவர் அவர்களே, எல்லோருக்கும் மேலாக முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் கலைஞர்களே, ஆர்மோனியச் சக்கரவர்த்தி ஐயா அவர்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

ஆடின காலும் பாடின வாயும் சும்மா இராது என்பார்கள். இந்தப் பழமொழிக்கு உருவம் கொடுத்தாற்போல் வாழ்ந்த ஒரு பிரெஞ்சு நடிகரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அவர் பெயர் கொக்லான். மேடை, நடிப்புக் கொள்கை, சினிமா என்று மூன்று தலைப்பில் பேசுவதாக அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். நேரம் இடம் கொடுக்கும்வரை பார்ப்போம்.

1841இல் பூலோஞ் என்ற கடற்கரை ஊரில் ரொட்டிக்கடைக்காரரின் மகனாகப் பிறந்தார். பத்தொன்பது வயதில், 1860 டிசம்பரில், பாரிஸின் புகழ்பெற்ற கொமெதி பிரான்சேஸ் மேடையில் மொலியேர் என்ற பழைய பிரெஞ்சு நாடக ஆசிரியரின் நாடகத்தில் வேலைக்காரனாகத் தோன்றினார். இருபத்து மூன்று வயதில் அந்த நாடக சபையின் பங்குதாரர் ஆனார். அங்கே நடிகர்களே பங்குதாரர்கள். வருமானத்தில் பங்கு உண்டு, ஓய்வூதியமும் உண்டு. இந்த ஓய்வூதியத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வருவேன்.

அவ்வளவு பாதுகாப்பு இருந்தும் 1886இல் வெளியேறி ஐரோப்பா, அமெரிக்கா என்று சுற்றினார். திரும்பி வந்தார், மறுபடி போனார். சபை வழக்குப் போட்டது. அவர் கால் ஓயவில்லை.

இப்போது 1897 டிசம்பர் 28ஆம் தேதி இரவுக்கு வாருங்கள். பாரிஸில் போர்த் சான் மர்த்தான் அரங்கம். நாடகம் 'சிரானோ தெ பெர்ஜெராக்'. எழுதிய ரொஸ்தானுக்கு வயது 29. அன்றைய மோஸ்தர் எதார்த்த நாடகம். இவரோ பெரிய மூக்குக்காரக் கவிஞன் ஒருவனை வைத்து, ஐந்து அங்கம், முழுக்க முழுக்கக் கவிதையில் எழுதியிருக்கிறார். ஓடுமா? திரை தூக்கும் முன் ரொஸ்தான் மேடைக்குப் பின்னால் ஓடிவந்து கொக்லானைக் கட்டிக்கொண்டு, "இந்த விபரீதத்தில் உங்களை இழுத்துவிட்டேன், மன்னித்துவிடுங்கள்" என்று அழுததாகச் சொல்வார்கள். கொக்லானுக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. ஒட்டுமூக்கு, இறகுத் தொப்பி, இடுப்பில் வாள், தொண்டைக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கவிதை வரிகள். எழுதியவரே நம்பிக்கை இழந்து அழுகிறார்! நாமாக இருந்தால் கை கால் ஆடிப்போயிருக்கும். அவர் மேடை ஏறினார். முதல் அங்கத்திலேயே வாள் சண்டை. சண்டை போட்டுக்கொண்டே கவிதை கட்டுகிறான் நாயகன், கடைசி வரியில் குத்துவேன் என்று முன்கூட்டியே சொல்லி, சொன்னபடியே குத்துகிறான். கைதட்டல் கூரையைத் தூக்கியது. நாடகம் முடிந்தும் கூட்டம் கலையவில்லை. அமைச்சர் ஒருவர் தம் சட்டையில் இருந்த அரசு விருதுப் பதக்கத்தைக் கழற்றி ரொஸ்தானுக்குக் குத்தினார் என்றும் சொல்வார்கள். நாடகம் அச்சானபோது ரொஸ்தான் எழுதினார்: சிரானோவின் ஆன்மாவுக்கே இதைச் சமர்ப்பிக்க நினைத்தேன், அது உங்களுக்குள் புகுந்துவிட்டதால், கொக்லான், உங்களுக்கே சமர்ப்பிக்கிறேன் என்று.

சினிமாவுக்கு வருகிறேன். 1900 பாரிஸ் கண்காட்சிக்காக அதே வாள் சண்டையைப் படமாகப் பிடித்தார்கள், குரலோடு! குரல் தனியாக ஒலிப்பதிவு உருளையில், படம் தனியாக. இரண்டும் சேரும்படி ஒருவர் படக்கருவியைக் கையால் சுற்றவேண்டும். அந்தத் துண்டு இன்றும் இருக்கிறது. என் பேரன் செல்பேசியில் காட்டினான். கையால் வண்ணம் தீட்டிய படம், கரகரத்த குரல். நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் ஆடின காலும் பாடின வாயும் சும்மா இல்லை, ஐயா!

நடிப்புக் கொள்கை பற்றி, நடிகனுக்குள் வாசிப்பவனும் வாத்தியமும் என இரண்டு ஆள் உண்டு என்று அவர் எழுதியதை, இன்னொரு மேடையில் விரிவாகச் சொல்கிறேன். இன்று எனக்கு அதைவிட அவசரமான ஒன்று இருக்கிறது.

ஓய்வூதியத்தை மனதில் வைக்கச் சொன்னேன் அல்லவா? பெரிய சபையின் பங்குதாரருக்கு அது உண்டு. ஊர் ஊராகப் போய் ஆடியவனுக்கு? கொக்லான் அதை யோசித்தார். பாரிஸுக்குக் கிழக்கே போந்தோதாம் என்ற இடத்தில் முதிய நாடகக் கலைஞர்களுக்கென்று ஓர் இல்லம் எழுப்பினார். 1905இல் திறந்தார்கள். 1909 ஜனவரி 27 அன்று, ரொஸ்தான் அவருக்காகவே எழுதிய அடுத்த நாடகத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தபோது, அந்த இல்லத்திலேயே கொக்லான் இறந்தார். அந்தத் தோட்டத்திலேயே அடக்கம் செய்தார்கள்.

ஆடின கால் சும்மா இராது, சரி. ஆட முடியாமல் போன கால் எங்கே போய் நீட்டிப் படுக்கும்? சற்று முன்பு ஆர்மோனிய ஐயா கடவுள் வாழ்த்து வாசித்தார். வலது கைச் சுண்டுவிரல் மடங்கவில்லை. மற்ற நான்கு விரலால் சமாளித்தார். பக்கத்தில் நின்றதால் பார்த்தேன். இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியவிடிய வாசித்த கை அது. அவர் இன்று குடியிருப்பது மழைக்கு ஒழுகும் ஒற்றை அறை.

வட்டாட்சியர் ஐயா அவர்களே, இந்த வட்டத்தில் முதிய நாடகக் கலைஞர்களுக்கு இருபது கட்டில் போடும் அளவுக்கு ஓர் இல்லம் கேட்கிறோம். நிலம் மட்டும் காட்டுங்கள், சுவரை நாங்கள் எழுப்பிக்கொள்கிறோம். மனு வாசல் மேசையில் இருக்கிறது. முதல் கையெழுத்தை மேடையிலிருக்கும் விழாத் தலைவர் அவர்கள் போடவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தம்பி, அந்தத் தாளையும் பேனாவையும் இங்கே கொண்டுவா.