தொலைக்காட்சியில் வரும் கோர்ட் மார்ஷல்

நேயர்களுக்கு வணக்கம்.

தொலைக்காட்சித் தொடர்களில் வருகிற கோர்ட் மார்ஷல், அதாவது ராணுவ நீதிமன்ற வழக்கு, எந்த அளவுக்கு நிஜம் என்று பார்க்கிறவர்கள் ஆளுக்கொரு கருத்துச் சொல்கிறார்கள். அதைப் பற்றிப் பேசத்தான் என்னை அழைத்திருக்கிறார்கள். ஒரத்தநாடு, மன்னார்குடி, பட்டுக்கோட்டைப் பக்கம் பிள்ளையைப் பட்டாளத்துக்கு அனுப்பிய வீடுகள் நிறைய. அந்த வீடுகளில் இந்தத் தொடர்களைப் பொழுதுபோக்காக மட்டும் பார்ப்பதில்லை. நம்ம பையனுக்கு இப்படி ஒன்று வந்தால் என்ன ஆகும் என்ற நினைப்போடுதான் பார்க்கிறார்கள். நான் காலாட்படையில் எழுத்தராகச் சேர்ந்து சுபேதாராக ஓய்வு பெற்றவன். ஒழுங்கு நடவடிக்கைக் கோப்புகள் என் மேசைக்கு வராமல் போகாது. அந்த அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் என்னைப் போன்ற முன்னாள் படைவீரர்கள் சொல்வதைப் பார்ப்போம். எங்கள் ஊரில் ஓய்வுபெற்ற நாயக் ஒருவர் இருக்கிறார். திரையில் அதிகாரி வந்து நின்றாலே அவர் கண் கைக்குத்தான் போகும். ராணுவ சல்யூட்டில் உள்ளங்கை எதிரே நிற்பவருக்குத் தெரிய வேண்டும். கடற்படையில் உள்ளங்கை தரையைப் பார்த்திருக்கும். விமானப்படை 2006இல் இரண்டுக்கும் நடுவே 45 டிகிரிக்கு மாற்றிக்கொண்டது. நடிகர்கள் மூன்றையும் கலந்து ஒன்று வைப்பார்கள். வெறும் தலையோடு சல்யூட் அடிப்பார்கள். நம் ராணுவத்தில் தலையில் தொப்பி இல்லையென்றால் விறைப்பாக நிற்பதோடு சரி, கை மேலே போகாது. உடுப்புக்கு மரியாதை வேண்டாமா என்று நாயக் கோபப்படுவது நியாயம்தான். அந்த உடுப்பைப் போட்டு வாழ்ந்தவருக்கு அது வலிக்கும். ஆனால் சல்யூட் தவறினால் பார்க்கிற குடும்பத்துக்குக் கெடுதல் ஒன்றும் வந்துவிடாது. கெடுதல் செய்கிற தவறுகள் வேறு.

இந்த வகைத் தொடர்களில் பெயர் பெற்றது ‘ஜாக்’ என்ற அமெரிக்கத் தொடர். 1995இல் தொடங்கி 2005 வரை பத்து சீசன் ஓடியது. அதிலிருந்து பிரிந்து வந்ததுதான் 2003இல் தொடங்கிய ‘என்சிஐஎஸ்’. ‘ஜாக்’ தொடரை உருவாக்கிய டொனால்ட் பெல்லிசாரியோ மரைன் படையில் இருந்தவர். கதாநாயகன் கடற்படை வழக்கறிஞர், முன்பு போர் விமானி. இரவில் பார்வைக் குறைபாடு வந்ததால் விமானத்தை விட்டு வழக்குக்கு வந்தவர். அப்புறமும் சமயம் வாய்த்தால் விமானத்தில் ஏறிவிடுவார். துப்பறிவதும் அவரே. ஒரு வாரம் குற்றம் சாட்டுகிற தரப்பு, அடுத்த வாரம் குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பு. ஒரே ஆள் இத்தனையும் செய்வது எந்தப் படையிலும் நடக்காது. கதைக்காகச் செய்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். அதனால் அதில் எனக்கு வருத்தமில்லை.

அந்தத் தொடரில் நாயகனுக்கு இணையாக மரைன் படைப் பெண் அதிகாரி ஒருவர் வாதாடுவார். திருச்சியில் சட்டம் படிக்கிற எங்கள் உறவுக்காரப் பெண், இங்கே இப்படி முடியுமா மாமா என்று கேட்டாள். முடியும். சட்டம் படித்தவர்களை நம் ராணுவம் ஜாக் என்ற தன் சட்டப் பிரிவுக்கு எடுக்கிறது. பயிற்சி சென்னை பரங்கிமலையில். பெண்களுக்குக் குறைந்த இடம் ஒதுக்கியது செல்லாது, ஆண் பெண் எல்லாருக்கும் ஒரே தகுதிப் பட்டியல் போட வேண்டும் என்று 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அந்தப் பெண் விண்ணப்பம் போட வேண்டும் என்பது என் ஆசை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தொடர்களைப் பார்த்துவிட்டுச் சனங்கள் அதிகம் நம்புவது ஒன்றைத்தான். உண்மை விசாரணை அறையில், கடைசி ஐந்து நிமிடத்தில், யாராவது கத்தும்போது வெளியே வரும் என்று நம்புகிறார்கள். வழக்கறிஞர் மடக்குவார், அதிகாரி உடைந்துபோவார், நிரபராதி நிமிர்வான். நான் பார்த்த வரையில் வழக்கின் தலையெழுத்து அந்த அறைக்கு வெகு முன்னாலேயே, தட்டச்சு இயந்திரத்தின் முன்னால் எழுதப்பட்டுவிடும்.

சம்மரி ஆஃப் எவிடன்ஸ் என்று ஒரு கட்டம் உண்டு. சிப்பாய் மேல் குற்றச்சாட்டு வந்தால் தொப்பி, பெல்ட் இல்லாமல் சிஓ, அதாவது யூனிட்டின் தலைமை அதிகாரி முன்னால் கொண்டுபோய் நிறுத்துவார்கள். சிஓ கேட்டுவிட்டு, முகாந்திரம் இருக்கிறது என்று நினைத்தால் சாட்சியங்களை எழுத்தில் பதியச் சொல்வார். ஓர் அதிகாரி உட்கார்ந்து ஒவ்வொரு சாட்சியாகக் கூப்பிட்டுக் கேட்பார். குற்றம் சாட்டப்பட்டவனும் அங்கேயே இருப்பான், சாட்சியைக் குறுக்குக் கேள்வி கேட்கலாம். கேள்வி, பதில் இரண்டும் அப்படியே பதிவாகும்.

ஒரு பைனாகுலர் காணாமல்போன வழக்கு. நான் அப்போது ஹவில்தார் கிளார்க். குற்றம் சாட்டப்பட்டவன் தென்காசிப் பக்கத்துப் பையன், இந்தி அரைகுறை, இங்கிலீஷ் சுத்தமாக வராது. அவன் தமிழில் சொல்வதை மொழிபெயர்க்கவும் நான், தட்டச்சு செய்யவும் நான். கார்பன் வைத்து நான்கு பிரதி அடிக்க வேண்டும். ஸ்டோர் பொறுப்பில் இருந்தவர் சாட்சி சொல்லி முடித்தார். சாமானைப் பையன் கையில் கொடுத்தேன், திரும்ப வரவில்லை, அவ்வளவுதான். கேள்வி உண்டா என்று அதிகாரி கேட்டார். பையன் என் பக்கம் திரும்பி, ‘என்ன அண்ணே கேக்கறது?’ என்றான். நான் அங்கே மொழிபெயர்ப்பாளன். யோசனை சொல்லக் கூடாது. அவன் கேட்டதை அப்படியே அதிகாரியிடம் இந்தியில் சொன்னேன். அதிகாரி நல்லவர், அவசரமில்லை, யோசித்துக் கேள் என்றார். பையன் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டான். ‘அன்னைக்கு ஸ்டோர் சாவி யார்கிட்ட இருந்துச்சு?’ சாட்சி உடனே பதில் சொல்லவில்லை. அப்புறம், நான் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன், சாவி இன்னொருவரிடம் இருந்தது என்றார். யாரும் கத்தவில்லை. நான் கேள்வியை அடித்தேன், பதிலை அடித்தேன், சாட்சி கையெழுத்துப் போட்டார்.

எல்லாச் சாட்சியும் முடிந்த பிறகு, குற்றம் சாட்டப்பட்டவனிடம் ஓர் எச்சரிக்கை வாசிக்க வேண்டும். நீ ஏதாவது சொல்ல விரும்புகிறாயா, சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, சொன்னால் அது எழுத்தில் எடுக்கப்பட்டுச் சாட்சியமாக வரலாம். இதை நான் தமிழில் சொன்னபோது பையன் இரண்டாம் முறையும் சொல்லச் சொன்னான். இரண்டாம் முறையும் சொன்னேன். ஒன்றும் சொல்ல விரும்பவில்லை என்றான். அந்தக் காகிதக் கட்டு சட்ட ஆலோசனைக்குப் போய்த் திரும்பி வந்தபோது, இந்தச் சாட்சியத்தில் வழக்கு நிற்காது என்று எழுதி வந்தது. கோர்ட் மார்ஷல் கூடவே இல்லை. அவன் கேட்ட அந்த ஒரு வரிக் கேள்விதான் அவனைக் காப்பாற்றியது. இதை ஏன் எந்தத் தொடரும் எடுப்பதில்லை என்று எனக்கு ஆதங்கம்தான். நான் பார்த்ததிலேயே பெரிய நாடகம் அந்தச் சின்ன அறையில்தான் நடந்தது.

கோர்ட் மார்ஷல் கூடினாலும் திரையில் காட்டுகிற மாதிரி இருக்காது. மேலே நீதிபதி உட்கார்ந்து சுத்தியலால் தட்டுவதாகக் காட்டுகிறார்கள். சுத்தியல் நம் சாதாரண நீதிமன்றங்களிலேயே கிடையாது. ஜெனரல் கோர்ட் மார்ஷலில் குறைந்தது ஐந்து அதிகாரிகள் உறுப்பினர்களாக இருப்பார்கள். டிஸ்ட்ரிக்ட் கோர்ட் மார்ஷல் என்றால் குறைந்தது மூன்று பேர். ஜெனரல் கோர்ட் மார்ஷலில் ஜட்ஜ் அட்வகேட் கட்டாயம் இருப்பார். அவர் சட்டத்தை விளக்குவார். முடிவு சொல்கிற ஓட்டு அவருக்கு இல்லை. விசாரணை தொடங்குவதற்கு முன்னால், இந்த உறுப்பினர்களில் யார் பேரிலாவது ஆட்சேபம் உண்டா என்று குற்றம் சாட்டப்பட்டவனைக் கேட்டாக வேண்டும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஓட்டுப் போடுகிற முறை. அமெரிக்காவில் ரகசியச் சீட்டில் எழுதிப் போடுகிறார்கள். நம்மிடம் வாயால் சொல்ல வேண்டும். பதவியில் இளையவர் முதலில் சொல்ல வேண்டும், மூத்தவர் கடைசியில். மேஜரோ கர்னலோ முதலில் வாயைத் திறந்துவிட்டால் கேப்டனுக்குத் தன் மனதில் பட்டதைச் சொல்லத் தைரியம் வராது என்பதற்காக வைத்த விதி. ஓட்டு சரிசமமாகப் பிரிந்தால் அதன் பலன் குற்றம் சாட்டப்பட்டவனுக்கு. மூடிய அறையில் ஓர் இளம் கேப்டன் முதல் ஆளாகத் தன் முடிவைச் சொல்கிற அந்த நிமிடத்தை ஒரு நல்ல இயக்குநர் எடுத்தால் எப்படி இருக்கும்!

தீர்ப்புச் சொன்னதும் விலங்கு மாட்டி இழுத்துக்கொண்டு போவதோடு தொடரில் படம் முடிந்துவிடும். ஜெனரல், டிஸ்ட்ரிக்ட் என்ற இந்த இரண்டு வகைக் கோர்ட் மார்ஷலிலும் தீர்ப்பையும் தண்டனையையும் மேலதிகாரி உறுதி செய்த பிறகுதான் அது செல்லும். அதற்கு முன்னாலும் மனு போடலாம், பின்னாலும் போடலாம். அதற்கும் மேலே ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறது. 2007இல் சட்டம் வந்து 2009இல் செயல்படத் தொடங்கியது, சென்னையிலும் அதற்கு அமர்வு உண்டு.

ராணுவத்தில் அநியாயமே நடக்காது என்று நான் சொல்ல வரவில்லை. சம்மரி கோர்ட் மார்ஷல் என்று ஒரு வகை உண்டு. சிஓ ஒருவரே நீதிமன்றம். குற்றம் சாட்டப்பட்டவன் கூட ஓர் ஆளைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். அவர் காதில் யோசனை சொல்லலாமே தவிர, சாட்சியைக் கேள்வி கேட்கவோ வாதாடவோ முடியாது. தண்டனையை உடனே நிறைவேற்றலாம். ரஞ்சித் தாக்கூர் வழக்கு என்று சட்டம் படித்தவர்களுக்குத் தெரியும். அவர் சிக்னல்மேன். தன் அதிகாரி பேரில் மேலிடத்துக்கு நேரடியாகப் புகார் அனுப்பியதற்காகத் தண்டனை பெற்று அடைபட்டிருந்தபோது, சாப்பிடச் சொன்ன உத்தரவை மீறிச் சாப்பிட மறுத்தார். அதற்கு ஓராண்டுச் சிறை, வேலை நீக்கம். யார் பேரில் புகார் சொன்னாரோ அந்த அதிகாரியே அந்த விசாரணையில் உட்கார்ந்திருந்தார். 1987இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்து அவருக்கு வேலையைத் திருப்பிக் கொடுத்தது. தொடர்களில் வரும் வில்லன் அதிகாரி முழுக்கக் கற்பனை என்று யாராவது சொன்னால் இந்த வழக்கை எடுத்துச் சொல்லுங்கள்.

இப்போது நான் வந்ததற்கான முக்கியக் காரணம். எங்கள் பக்கத்துப் பையன்கள் மாட்டுவது உளவு வழக்கிலோ கொலை வழக்கிலோ இல்லை. லீவு முடிந்தும் திரும்பாததில்தான் மாட்டுகிறார்கள். மேட்டூரில் தண்ணீர் திறந்து கடைமடை வரை வந்து சேரும்போது ஊரில் நடவு ஆள் கிடைக்காது. அப்பாவுக்கு உடம்பு முடியாது, தங்கை கல்யாணம் தள்ளிப்போகும். நாலு நாள்தானே என்று தங்கிவிடுவார்கள்.

இப்படித் தங்கிய ஒரு பையனின் அம்மா என் வீட்டுக்கு வந்தார். தாளடி நடவு நேரம், சேற்றுக் காலோடு வாசலிலேயே நின்றார். ‘அண்ணே, கோர்ட் மார்ஷல் பண்ணிச் சுட்டுருவாங்களாமே, நாடகத்துல காட்டுனானே’ என்றார். அந்தப் பயத்தில் பையனை உறவினர் வீட்டில் ஒளித்து வைத்திருந்தார்கள். அவர் வந்தபோது ஒரு மாதம் தாண்டியிருந்தது, போலீஸ் வந்து விசாரித்துவிட்டுப் போயிருந்தது. சில நாள் லீவு தாண்டினால் பெரும்பாலும் சிஓ தன் அறையிலேயே விசாரித்து முடித்துவிடுவார். அவர் அதிகபட்சம் 28 நாள்தான் காவலில் வைக்க முடியும். கோர்ட் மார்ஷலுக்கே போனாலும் அனுமதியில்லாமல் வராமல் இருந்ததற்கு உச்சமாக மூன்று ஆண்டு. படையை விட்டு ஓடிப்போனதாக முடிவானால், மரண தண்டனைக்குச் சட்டத்தில் இடம் இருப்பது போர்ப்பணியில் இருக்கும்போதோ, அதற்குப் போக உத்தரவு வந்திருக்கும்போதோ மட்டும், மற்ற நேரத்தில் ஏழாண்டுதான் உச்சம். தொடர்ந்து முப்பது நாள் ஆள் இல்லையென்றால் விசாரணைக் குழு கூடி அதைப் பதிவு செய்யும், அப்புறமும் வரவில்லையென்றால் ஓடிப்போனவன் என்றே கணக்கு. அதனால்தான் அந்த முப்பது நாளுக்குள் திரும்புவது முக்கியம். அந்தப் பையனை அன்றைக்கே யூனிட்டுக்குப் போன் பேசவைத்தேன். அப்பாவின் ஆஸ்பத்திரிக் காகிதங்களோடு போனான். தண்டனை கிடைத்தது, வேலை தப்பியது. முதல் வாரத்திலேயே போயிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது.

தொடர் எடுக்கிறவர்கள் யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு வேண்டுகோள். சல்யூட்டைத் திருத்துங்கள், நாயக் சந்தோஷப்படுவார். அதோடு, விசாரணையின் நடைமுறையையும் ஒருதரம் முழுசாகக் காட்டுங்கள். பார்க்கிற தாய்மார்கள் அதை வைத்துத்தான் பிள்ளைக்கு யோசனை சொல்கிறார்கள்.

வீட்டில் பையன் லீவில் இருந்து, திரும்ப முடியாத நிலை வந்தால், லீவு முடிவதற்கு முன்னாலேயே ஹெட் கிளார்க்குக்கோ சுபேதார் மேஜருக்கோ பேசி நீட்டிப்புக் கேட்கச் சொல்லுங்கள். போனில் கேட்டதோடு விடாமல் எழுத்திலும் அனுப்பட்டும். டாக்டர் சீட்டு, கல்யாணப் பத்திரிகை எதுவானாலும் பத்திரமாக வையுங்கள். நாள் தாண்டிவிட்டது என்றால் ஒளிக்காதீர்கள், அடுத்த ரயிலில் ஏற்றிவிடுங்கள். எதுவும் புரியவில்லை என்றால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் போய்க் கேளுங்கள்.

வணக்கம்.