லண்டனில் தோற்ற ஸ்ரீஜேஷும் டோக்கியோவில் வென்ற ஸ்ரீஜேஷும்

நடுவர் அவர்களுக்கும், இருபுறமும் அமர்ந்திருக்கும் பேச்சாளர்களுக்கும், அரங்கம் நிறைந்திருக்கும் ரசிகர்களுக்கும் என் வணக்கம்.

இந்திய ஹாக்கி, கால்பந்து அணிகளின் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் பெரிதும் காரணம் களத்தில் ஆடுபவர்களா, வெளியே இருந்து நடத்துபவர்களா என்பது தலைப்பு. நடத்துபவர்களே என்று வாதாட எழுந்திருக்கிறேன். இந்த இரண்டு அணிகளையும் பல ஆண்டுகளாக விடாமல் பின்தொடரும் ரசிகன் நான். அணி தோற்ற இரவில் நம் கோபம் முதலில் ஆட்டக்காரர் மீதுதான் பாய்கிறது. தொலைக்காட்சியில் தெரிபவர் அவர்தானே! கோப்பில் கையெழுத்துப் போட்டவர் முகம் எந்தத் திரையிலும் வருவதில்லை. அவரைத்தான் இன்று இந்த மேடைக்கு இழுத்துவரப் போகிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தோழி மூன்று நிகழ்ச்சிகளைச் சொல்லிப் பலத்த கைதட்டல் வாங்கினார். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்ஸுடன் நடந்த கால்பந்து ஆட்டத்தில் இரண்டு பெனால்டிகளை வீணாக்கி 1-2 என்று தோற்றோமே, அந்தப் பந்தை உதைத்தது அதிகாரியின் காலா என்று கேட்டார். 1962-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் தலையில் தையலோடு ஆடிய ஜர்னைல் சிங்கின் வீரத்தைச் சொன்னார். டோக்கியோவில் கடைசி நொடிகளில் ஜெர்மனியின் பெனால்டி கார்னரைத் தடுத்துப் பதக்கத்தைக் காத்த ஹாக்கி கோல்கீப்பர் ஸ்ரீஜேஷைச் சொன்னார். மூன்றுமே உண்மை. மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். ஸ்ரீஜேஷிலிருந்து தொடங்குகிறேன்.

நடுவர் அவர்களே, அந்த ஸ்ரீஜேஷ் டோக்கியோவில் திடீரென்று முளைத்தவர் அல்லர். 2012 லண்டன் ஒலிம்பிக் அணியிலும் அவர் இருந்தார். டோக்கியோவில் தலைமை ஏற்ற மன்பிரீத் சிங்கும் அந்த அணியில் இருந்தார். லண்டனில் என்ன நடந்தது? ஆடிய ஆறு ஆட்டங்களிலும் தோல்வி. பன்னிரண்டு அணிகளில் பன்னிரண்டாம் இடம். எட்டு முறை ஒலிம்பிக் தங்கம் வென்ற நாடு பட்டியலின் கடைசி வரியில் கிடந்தது. அதே ஸ்ரீஜேஷ், அதே மன்பிரீத், 2021-இல் ஜெர்மனியை 5-4 என்று வீழ்த்தி, 41 ஆண்டுகளுக்குப் பிறகு ஒலிம்பிக் பதக்கத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஆள் மாறவில்லை. என்ன மாறியது?

"அனுபவம் கூடியது" என்று எதிரணி சொல்லும். கூடியிருக்கும். ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளில் நிர்வாகம் செய்ததைப் பாருங்கள். லண்டனில் பயிற்சியாளராக இருந்த நாப்ஸ் போனார். டெர்ரி வால்ஷ் வந்தார். அவர் காலத்தில் 2014 ஆசிய விளையாட்டுப் போட்டியில் 16 ஆண்டுகளுக்குப் பிறகு தங்கம் கிடைத்தது. தங்கம் வந்த சில வாரங்களில் அவரும் விலகினார். அடுத்து வந்த வான் ஆஸ் ஓராண்டுகூட நிலைக்கவில்லை. ஓல்ட்மன்ஸ், மரைன், ஹரேந்திர சிங் என்று வரிசை நீண்டது. ஒவ்வொரு பயிற்சியாளரும் ஒரு புதிய ஆட்டமுறையோடு வருகிறார். அது ஆட்டக்காரரின் காலில் படிந்து பழகுவதற்குள் அவர் விமானம் ஏறிவிடுகிறார். இப்படி நடத்தினால் எந்த நாட்டு அணி உருப்படும்?

2018-இல் ஒடிசா அரசு ஆடவர், மகளிர் இரு தேசிய அணிகளுக்கும் புரவலராக வந்தது. 2019-இல் கிரகாம் ரீட் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றார். ஒலிம்பிக் ஓராண்டு தள்ளிப்போன கொரோனா காலத்திலும் அவரை மாற்றாமல் விட்டார்கள். பெங்களூரு முகாமில் அணி ஒன்றாகத் தங்கிப் பயிற்சி பெற்றது. பணம் வந்தது, பொறுமை வந்தது, அதன் பின்னால் பதக்கம் வந்தது. ஸ்ரீஜேஷின் அந்தத் தடுப்பை நான் ஒரு துளியும் குறைத்துச் சொல்லவில்லை. அதை இன்று பார்த்தாலும் எனக்கு உடல் சிலிர்க்கிறது. ஆனால் பதக்க ஆட்டம் வரைக்கும் அணி வந்து சேர்ந்ததால்தான் அப்படித் தடுக்க அவருக்கு ஒரு பந்து கிடைத்தது. லண்டனில் அந்த வாய்ப்பே வாய்க்கவில்லையே!

இங்கே எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் ஒரு நல்ல கேள்வியைப் போட்டார். "எல்லா வசதியும் செய்து கொடுத்த பிறகும் 2023 உலகக் கோப்பையில், சொந்த மண்ணில், புவனேஸ்வரத்தில், நியூசிலாந்திடம் ஷூட்-அவுட்டில் தோற்றுக் காலிறுதிக்குக்கூடப் போகவில்லையே, அதுவும் நிர்வாகத்தின் தவறா?" என்று கேட்டார். இல்லை. அந்தத் தோல்வி ஆட்டக்காரர்களுடையதுதான். தலைப்பில் 'பெரிதும்' என்று இருப்பதை அவர் மறந்துவிட்டார். ஓர் ஆட்டத்தை ஆட்டக்காரர் தோற்கலாம்; ஒரு தலைமுறையைத் தோற்கடிக்க நிர்வாகத்தால்தான் முடியும். அந்த உலகக் கோப்பைக்குப் பிறகு என்ன ஆனது? ரீட் விலகினார், கிரெய்க் ஃபுல்டன் வந்தார். ஆனால் முகாம் கலையவில்லை, பணம் நிற்கவில்லை. அடுத்த ஆண்டே பாரிஸில் ஆஸ்திரேலியாவை 3-2 என்று வென்றோம்; ஒலிம்பிக்கில் அந்த அணியை வென்று 52 ஆண்டுகள் ஆகியிருந்தன. காலிறுதியில் அமித் ரோஹிதாஸ் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறிய பிறகு, ஆட்டத்தின் பெரும்பகுதியைப் பத்துப் பேரோடு ஆடி, பிரிட்டனை ஷூட்-அவுட்டில் வீழ்த்தினோம். மறுபடியும் வெண்கலம். அடித்தளம் உறுதியாக இருந்தால் விழுந்த அணி இப்படித்தான் எழுந்து நிற்கும்.

அடித்தளம் இல்லாதபோது எப்படி விழுந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1975 மார்ச் மாதம் கோலாலம்பூரில் பாகிஸ்தானை 2-1 என்று வென்று நாம் உலகச் சாம்பியன். அடுத்த ஆண்டு மான்ட்ரீல் ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் செயற்கைப் புல்தரையில் ஹாக்கி நடந்தது. உலகச் சாம்பியனுக்கு ஏழாம் இடம். பதினாறே மாதங்களில் நம் பிள்ளைகளின் மட்டை வித்தை மறந்துபோயிற்றா? ஐரோப்பாவில் தரைகள் மாறிக்கொண்டிருந்தபோது நம் பிள்ளைகள் மண்ணிலும் புல்லிலும் ஆடிக்கொண்டிருந்தார்கள். தரை வாங்கிப் போடுவது சென்டர் பார்வர்டின் வேலையா?

"பாகிஸ்தானும் அதே தரையில்தான் ஆடியது, அவர்கள் மான்ட்ரீலில் வெண்கலம் வாங்கினார்களே" என்று எதிரணியிலிருந்து குரல் வருகிறது. அருமையான கேள்வி. பாகிஸ்தான் அதற்குப் பிறகு 1978, 1982 உலகக் கோப்பைகளையும் 1984 ஒலிம்பிக் தங்கத்தையும் வென்றது. ஆகவே நம் பாணி ஆட்டம் செயற்கைத் தரைக்கு ஒத்துவராது என்ற பழைய சமாதானம் பொய் என்று ஆகிறது. சரி, அந்தப் பாகிஸ்தான் இன்று எங்கே? 2016, 2020, 2024 என்று தொடர்ந்து மூன்று ஒலிம்பிக்குகளுக்குத் தகுதியே பெறவில்லை. நான்கு உலகக் கோப்பைகளை வென்ற மண் அது. அந்த மண்ணில் திறமை வற்றிவிட்டது என்று நான் நம்ப மாட்டேன். நெருக்கடியில் சிக்கிய சம்மேளனமும் வற்றிய கஜானாவும் ஓர் அணியை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பதற்கு அதைவிட வேதனையான சாட்சி வேண்டியதில்லை. எதிரி அணிதான், ஆனாலும் ஹாக்கியை நேசிக்கும் எவருக்கும் அது வலிக்கும்.

நமக்கும் அந்த வலி வந்தது. 2008 மார்ச்சில் சிலியின் சாந்தியாகோ நகரில் தகுதிச்சுற்று இறுதி ஆட்டத்தில் பிரிட்டனிடம் 0-2 என்று தோற்றோம். 1928 முதல் அறுபடாமல் வந்த ஒலிம்பிக் தொடர்ச்சி அறுந்தது. அடுத்த மாதமே இந்திய ஹாக்கி சம்மேளனத்தை இந்திய ஒலிம்பிக் சங்கம் இடைநீக்கம் செய்தது. அணித் தேர்வுக்காகப் பணம் கைமாறியதாகத் தொலைக்காட்சியில் குற்றச்சாட்டு எழுந்திருந்தது. அப்படிப்பட்ட சூழலில் ஆடப் போன பையன்களிடம் போய், ஏன் கோல் அடிக்கவில்லை என்று எந்த முகத்தோடு கேட்பது?

நம் ஊர் நிலையையும் சொல்லிவிடுகிறேன். 1980-இல் மாஸ்கோவில் தங்கம் வென்ற அணியின் தலைவர் வாசுதேவன் பாஸ்கரன் தமிழ்நாட்டுக்காரர். கோவில்பட்டியில் ஹாக்கி மட்டை பிடிக்காத தெரு குறைவு. அப்படியிருந்தும் 2007 ஆசியக் கோப்பைக்குப் பிறகு சென்னையில் 16 ஆண்டுகள் சர்வதேச ஹாக்கி நடக்கவில்லை. 2007-இல் பிறந்த குழந்தை, நாட்டு அணி ஆடுவதைத் தன் ஊரில் ஒருமுறைகூடப் பார்க்காமல் பத்தாம் வகுப்பு முடித்திருக்கும். 2023-இல் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை வந்தது. இறுதி ஆட்டத்தில் மலேசியாவிடம் 1-3 என்று பின்தங்கி 4-3 என்று வென்றபோது எழும்பூர் அரங்கம் எப்படி அதிர்ந்தது! 2025 இறுதியில் ஜூனியர் உலகக் கோப்பை சென்னைக்கும் மதுரைக்கும் வந்தது. மதுரையில் அதற்கென்று புதிய அரங்கமே எழுந்தது. ரசிகர்கள் எப்போதும் இங்கேதான் இருந்தார்கள். போட்டியைக் கொண்டுவருவதா வேண்டாமா என்று முடிவெடுத்தவர்கள் வேறு யாரோ.

இப்போது கால்பந்துக்கு வருகிறேன். சொல்லும்போதே மனம் கனக்கிறது.

தோழி சொன்ன ஜர்னைல் சிங் யார்? தடுப்பாட்டக்காரர். தலையில் தையல் போட்டிருந்த தடுப்பாட்டக்காரர் 1962 இறுதி ஆட்டத்தில் தென்கொரியாவுக்கு எதிராக எப்படிக் கோல் அடித்தார்? அவரை முன்களத்துக்கு மாற்றி நிறுத்திய பயிற்சியாளர் சையது அப்துல் ரஹீமால். புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்த மனிதர் அந்தத் துணிச்சலான முடிவை எடுத்தார். பி.கே.பானர்ஜி ஒரு கோல், ஜர்னைல் ஒரு கோல், 2-1, ஆசியத் தங்கம். அடுத்த ஆண்டு ரஹீம் மறைந்தார். அதற்குப் பிறகு இன்றுவரை ஆசிய விளையாட்டில் கால்பந்துத் தங்கம் நமக்கு வரவில்லை. களத்துக்கு வெளியே நின்ற ஒரே மனிதர் போனதும் ஒரு பொற்காலம் முடிந்தது, நடுவர் அவர்களே. தோழி தன் அணிக்காகக் கொண்டுவந்த சாட்சி எனக்காகப் பேசுகிறது.

அதே 1962 போட்டியில் நாம் ஜப்பானை 2-0 என்று வென்றோம். ஜப்பான் அப்போதே டெட்மார் கிராமர் என்ற ஜெர்மானியரை அழைத்துவந்து கற்றுக்கொண்டிருந்தது. 1965-இல் தேசிய லீக் தொடங்கியது. 1968 ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கியது. 1993-இல் தொழில்முறை லீக். 1998 முதல் ஒரு உலகக் கோப்பையையும் தவறவிடவில்லை. நாம் தேசிய லீக் தொடங்கியது 1996-இல். உலகம் 90 நிமிடம் ஆடிக்கொண்டிருந்தபோது நம் உள்நாட்டு ஆட்டங்களை வெகுகாலம் 70 நிமிடத்திலேயே முடித்துவந்தோம். கடைசி இருபது நிமிடத்தில் நம் ஆட்டக்காரருக்கு மூச்சு வாங்கியது அவர் குற்றமா?

1948 பெனால்டிக்கு வருகிறேன். அந்த இரண்டும் உள்ளே போயிருந்தால் கதை மாறியிருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பலர் வெறுங்காலோடு ஆடிய அணி அது. நான்கு ஆண்டுகள் கழித்து ஹெல்சிங்கியின் குளிரிலும் வெறுங்காலோடு பலரை இறக்கினார்கள். யூகோஸ்லாவியா 10, இந்தியா 1. அந்த அவமானத்துக்குப் பிறகே பூட்ஸ் கட்டாயமானது. அடுத்த ஒலிம்பிக்கில், 1956 மெல்பர்னில், நெவில் டிசூசாவின் ஹாட்ரிக்கோடு ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்று நான்காம் இடம் பிடித்தோம்.

அண்மைக்கால நிலை? 2024 முழுவதும் ஆடவர் அணி ஓர் ஆட்டத்திலும் வெல்லவில்லை. அந்த ஆண்டின் பிற்பகுதியில் பொறுப்பேற்ற பயிற்சியாளர் ஒரு கிளப்பையும் தேசிய அணியையும் ஒரே நேரத்தில் கவனித்தார். அதற்குச் சம்மேளனம் சம்மதித்தது. 2025 ஜூலையில் ஒப்பந்தச் சிக்கலால் நாட்டின் முதன்மைக் கால்பந்து லீக்கான ஐ.எஸ்.எல். நிறுத்திவைக்கப்பட்டது. சில கிளப்புகள் சம்பளத்தையே நிறுத்தின. அந்த நிலையிலும் புதிய பயிற்சியாளர் காலித் ஜமீல் திரட்டிய அணி மத்திய ஆசிய நேஷன்ஸ் கோப்பையில் ஓமனை வென்று மூன்றாம் இடம் பிடித்தது. நெஞ்சுரம் இல்லாதவர்களா அவர்கள்? ஆனால் லீக் இல்லாமல் எத்தனை நாள் உடலும் ஆட்டமும் தாங்கியிருக்கும்? அக்டோபரில் சொந்த மண்ணில் சிங்கப்பூரிடம் முதல் கோலை அடித்தும் 1-2 என்று தோற்று, 2027 ஆசியக் கோப்பை வாய்ப்பை இழந்தோம். நவம்பரில் டாக்காவில் வங்கதேசத்திடமும் தோல்வி. கோபப்படுங்கள், நானும் கோபப்படுகிறேன். ஆனால் யார் மீது?

கடைசியாக ஒன்று. 2022 ஆகஸ்டில் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா இந்தியக் கால்பந்து சம்மேளனத்தை இடைநீக்கம் செய்தது. நிர்வாகத்தில் வெளியார் தலையீடு என்பது காரணம். பதினொரு நாட்களுக்குள் தடை நீங்கிவிட்டது. ஆனால் அந்த நாட்களில் கோகுலம் கேரளா மகளிர் அணி ஆசிய கிளப் போட்டிக்காக உஸ்பெகிஸ்தான் போய்ச் சேர்ந்திருந்தது. நாட்டின் சாம்பியன்கள் அவர்கள். இங்கே லீக்கை வென்று, கடல் கடந்து போய், பூட்ஸோடு காத்திருந்த அந்தப் பெண்களை ஆடவிடாமல் திருப்பி அனுப்பினார்கள். களத்தில் கால் வைக்கவே விடப்படாத அந்த அணியின் கதைக்குக் களத்தில் நின்ற எவரைப் பொறுப்பாக்குவது? எதிரணியின் அடுத்த பேச்சாளர் எழுந்து முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும். நன்றி, நடுவர் அவர்களே.